"மாத்திப் பாத்துடலாம் சார்!"

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. மேம்பாலம் ஏறினால் இழுவை இல்லை. ஷெட்டுக்குக் கொண்டு போனால் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். "பம்ப் வீக் சார், மாத்திப் பாத்துடலாம்." பம்ப் மாறும். நாலு நாள் கழித்து வண்டி அதே நோயோடு திரும்பி வரும். "அப்போ சென்சாரா இருக்கும்." சென்சாரும் மாறும். மூன்றாவது தடவை வரும்போது முகத்தில் ஒரு சோகத்தை வரவழைத்துக்கொண்டு, "டைமிங் செயின் போயிருக்கும் போல சார், இன்ஜினை இறக்கணும்" என்பார்கள்.

இந்த மூன்று தீர்ப்புக்கும் நடுவில் எதையாவது ஒரு தடவையாவது அளந்தார்களா? கிடையாது. இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை ஐயா, குலுக்கல் சீட்டு. சீட்டு எடுப்பது ஒருத்தர், காசு கொடுப்பது இன்னொருத்தர்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுப்பவருக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். பழைய டீசல் ஸ்விஃப்டையோ டிசையரையோ தவணையில் வாங்கி டாக்ஸி ஓட்டுகிறவருக்கு அப்படி இல்லை. வண்டி ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் பூஜ்ஜியம், தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்குத் தேவையில்லாமல் மாட்டின பம்பின் விலை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ்.

"ஸ்கேனர் போட்டுத்தானே சார் சொல்றோம்" என்று ஒரு பதில் வரும். இந்தியாவில் 2010 ஏப்ரலில் ஓபிடி முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கார்களுக்குக் கட்டாயமாயின. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு ஸ்கேனர் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்கேனர் காட்டும் கோடு ஒரு புகார் மட்டுமே. பி0171 என்றால் "கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்" என்று அர்த்தம். பம்ப் போச்சு என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது. மேனிஃபோல்டில் ஒரு ஓஸ் விரிசல் விட்டிருந்தாலும் அதே கோடுதான். பி0016 என்றால் "கிராங்க் ஒன்று சொல்கிறது, கேம் வேறொன்று சொல்கிறது, இரண்டும் பொருந்தவில்லை" என்று அர்த்தம். அதைப் பார்த்துக் கேம் சென்சாரை மாற்றுவது, ஊருக்குள் திருட்டு என்று புகார் கொடுக்க வந்தவரையே பிடித்து உள்ளே போடுவது மாதிரி.

சரி, அளப்பது என்றால் என்ன? பெட்ரோல் பக்கத்தை முதலில் பார்ப்போம்.

மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் வைத்த சாதாரண பெட்ரோல் வண்டிகளில் ரயில் அழுத்தம் பெரும்பாலும் 3லிருந்து 4 பார் வரை இருக்கும். சரியான எண் அந்தந்த வண்டியின் மேனுவலில் உண்டு. ஒரு கேஜை மாட்டி சாவியைத் திருப்பினால் இரண்டு விநாடி பம்ப் ஓடி நிற்கும். அப்போது முள் எங்கே ஏறுகிறது, நின்ற பிறகு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். உடனே சரிந்தால் பம்பிலுள்ள செக் வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் என்று மூன்று பேர் மேல் சந்தேகம் வரும். காலையில் மட்டும் நீளமாக சுற்றி ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் பாதிக் கதை இங்கேயே தெரிந்துவிடும்.

ஐடிலில் முள் சரியாக நிற்பதைப் பார்த்து "பம்ப் ஓகே" என்று கேஜைக் கழற்றிவிடுவது அடுத்த தப்பு. ஐடிலில் இன்ஜின் குடிப்பது துளித்துளியாக. அடைத்த ஃபில்டரும் களைத்த பம்பும் அந்தத் துளியைத் தாராளமாகக் கொடுக்கும். மேம்பாலம் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் ஓட்டத்தில், பாரம் ஏறும்போது அழுத்தம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முடியாவிட்டால் ஸ்கேனரிலேயே ஃப்யூவல் டிரிம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்கலாம். ஐடிலில் பிளஸ் பக்கம் அதிகமாக இருந்து, ரேஸ் கொடுத்ததும் சாதாரணத்துக்கு வந்தால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது. ஐடிலில் சாதுவாக இருந்து, பாரம் ஏற ஏறப் பிளஸ் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. (ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த வண்டியில் அந்த சென்சார் அழுக்கானாலும் இரண்டாவது மாதிரிதான் காட்டும். அழுத்தத்தையும் கூடவே பார்த்தால் குழப்பம் தீரும்.) இதைப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. கையிலிருக்கும் அதே ஸ்கேனரில் நாலு பட்டன் தள்ளி இருக்கிறது.

அழுத்தம் குறைவு என்று நிரூபணமாகிவிட்டால் உடனே பம்பா? அதுவும் இல்லை. பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்து பம்புக்கு 10 மட்டும் வந்தால் திருடன் வயரிலோ ரிலேயிலோ எர்த்திலோ இருக்கிறான். புது பம்ப் கொஞ்ச நாள் அந்தக் குறைந்த கரண்டிலும் சமாளிக்கும். அப்புறம் வண்டி திரும்பி வரும். "ஸ்பேர் டூப்ளிகேட் போல சார்" என்று பழி கடைக்காரர் தலையில் விழும்.

இனி செயின். இந்த இடத்தில்தான் பம்பும் செயினும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஆட்டம் காட்டும்.

செயின் தேய்ந்தால் வால்வுகள் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும். மேனிஃபோல்டில் வேக்குவம் குறையும். ரிட்டர்ன் லைன் வைத்த வண்டிகளில் ரெகுலேட்டருக்கு அந்த வேக்குவம்தான் வழிகாட்டி. வேக்குவம் குறைந்தால் அது ரயில் அழுத்தத்தை ஏற்றும். இப்போது கேஜில் ஐடில் அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிகிறது. "ஆஹா, ரெகுலேட்டர் போச்சு!" புது ரெகுலேட்டரும் அதே அழுத்தத்தைத்தான் காட்டும், ஏனென்றால் அது தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. (ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் இந்த ஏமாற்று வேலை நடக்காது.) மேப் சென்சாரை நம்பி ஓடும் இன்ஜினில் இன்னொரு கூத்து. வேக்குவம் குறைந்ததை அது "காற்று நிறைய வருகிறது" என்று புரிந்துகொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும். டிரிம் மைனஸ் பக்கம் போகும். இழுவை இல்லாத வண்டியில் டிரிம் மைனஸில் நிற்கிறதென்றால் அங்கே பம்பைக் குற்றம் சொல்ல முகாந்திரமே இல்லை. ஆனாலும் சொல்வார்கள்.

ஒரு வேக்குவம் கேஜ் மாட்டினால் போதும். கடல் மட்டத்தில் ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலில் 17லிருந்து 22 அங்குலம் காட்டும். முள் ஆடாமல் அசையாமல் 13, 14 என்று நின்றால் டைமிங் மேல் சந்தேகம் வர வேண்டும். இதிலும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணை நம்பக்கூடாது. ஆயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் குறையும். ஊட்டி 7,000 அடிக்கு மேல். சென்னையில் 20 காட்டும் வண்டி அங்கே 13 காட்டினால் அது மலையின் வேலை, செயினின் வேலை இல்லை.

"செயின் நீண்டுபோச்சு" என்கிறார்களே, இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உராய்ந்து தேய்கின்றன. ஒரு கணக்குக்காக 8 மில்லிமீட்டர் பிட்ச்சில் 150 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணிக்கு 0.01 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தம் 1.5 மில்லிமீட்டர். அதில் பாதி இழுக்கும் பக்கத்தில் விழுந்தால், 40 பல் கேம் ஸ்ப்ராக்கெட்டில் அது ஒரு டிகிரிக்கும் குறைவு. கிராங்க் கணக்கில் 2 டிகிரி கூட வராது. அதே ஸ்ப்ராக்கெட்டில் செயின் ஒரு பல் தாண்டினால் கேமில் 9 டிகிரி, கிராங்க்கில் 18 டிகிரி. தேய்மானம் மெல்ல மெல்ல வருவது, பல் தாண்டுவது ஒரே நொடியில் நடப்பது. இரண்டும் வேறு வேறு. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு" என்று வண்டிக்காரர் சொல்வதை காதில் வாங்கினாலே பாதி விடை கிடைக்கும். யார் வாங்குகிறார்கள்!

பி0016 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டிப்ஸ்டிக். சிரிக்க வேண்டாம். செயின் டென்ஷனரில் பெரும்பாலானவை ஆயில் அழுத்தத்தில்தான் நிற்கின்றன. விவிடி இருந்தால் கேம் ஃபேசரை நகர்த்துவதும் ஆயில்தான். ஆயில் குறைந்தாலும் கசடு சேர்ந்து கண்ட்ரோல் வால்வின் சல்லடை அடைத்தாலும் கேம் இடம் மாறி நிற்கும். செயின் பாவம், அது தன்பாட்டுக்கு இருக்கும். அடுத்து, எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் ஒரே மாதிரி குறைவா என்று பார்க்கலாம். குறைவாக இருந்தால் லீக் டவுன் டெஸ்ட். சிலிண்டருக்குள் காற்றை அடைத்தால் தங்குகிறது, ஆனால் சுற்றும்போது கம்ப்ரெஷன் வரவில்லை என்றால் ரிங்கும் வால்வும் தப்பித்தன, டைமிங் மாட்டியது. ஆசிலாஸ்கோப் இருப்பவர்கள் கிராங்க், கேம் சிக்னல் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து நல்ல வண்டியின் படத்தோடு ஒப்பிடலாம். ஒரு போல்ட் கூடக் கழற்றாமல் எத்தனை டிகிரி பின்னால் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். இத்தனைக்கும் பிறகுதான் கவரைத் திறக்க வேண்டும். திறந்த பிறகும் ஒரு கூத்து உண்டு. செயினில் நிறம் பூசிய கண்ணிகள் மார்க்கோடு பொருந்தவில்லை என்று பதறுவார்கள். அந்தக் கண்ணிகள் மாட்டும்போது பார்ப்பதற்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் அவை மார்க்குக்குத் திரும்பி வராது. ஸ்ப்ராக்கெட் மார்க்கைத்தான் பார்க்க வேண்டும்.

பழி முழுக்க ஷெட்டுக்காரர் மேல் போடுவதும் நியாயமில்லை. "செயின் இன்ஜின் ஆயுளுக்கும் வரும்" என்று விற்றது யார்? ஜெனரல் மோட்டார்ஸின் 3.6 லிட்டர் வி6 இன்ஜினில் செயின் சீக்கிரம் தேய்ந்து, 2007-2009 மாடல்கள் பலவற்றுக்கு அந்த கம்பெனி செயின் வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைலுக்கு நீட்டிக்க வேண்டி வந்தது. கூடவே, ஆயில் மாற்றச் சொல்லும் கணக்கையும் மென்பொருளில் சுருக்கினார்கள். ஆயிலை இழுத்தடித்தால் செயின் தேயும் என்பதை அதைவிடப் பச்சையாக யாரும் ஒத்துக்கொள்ள முடியாது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் அந்த 1.3 லிட்டர் டீசல்கள் இன்னும் ஊர் முழுக்க ஓடுகின்றன. அவையும் செயின்தான். டீசல் ஆயிலில் சேரும் கரி, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் எமரித் தாள் மாதிரி. "இன்னும் ரெண்டாயிரம் ஓட்டிட்டு மாத்தலாம்" என்பவர்கள் கவனிக்க.

(டீசல் என்றதும் ஒரு எச்சரிக்கை. காமன் ரயில் வண்டியில் ஓடும் இன்ஜினில் நட்டைத் தளர்த்தி "டீசல் வருதா" என்று விரலை வைத்துப் பார்க்கும் பழைய பழக்கம் ஆளையே முடமாக்கும். அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாகத் தெரிந்தாலும் அது அவசர ஆபரேஷன் கேஸ். இன்ஜெக்டர் ரிட்டர்னில் பாட்டில் மாட்டி எது அதிகம் ஒழுகுகிறது என்று பார்ப்பதே பாதுகாப்பான முதல் வழி.)

அளப்பவர்களுக்கு எதிராக ஷெட்டுக்காரர்கள் வைக்கும் ஒரே நல்ல வாதம் காசு. "ஒரு மணி நேரம் டெஸ்ட் பண்ணா எவன் சார் காசு தர்றான்? ஸ்பேர் மாத்தினாதான் தர்றான்." நூற்றுக்கு நூறு உண்மை. எக்ஸ்ரேக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வாய் திறக்காமல் பணம் கட்டுகிறவர், "பாத்ததுக்கு ஐந்நூறா? ஒண்ணுமே மாத்தலையே!" என்று ஷெட்டில் சண்டை போடுகிறார். அந்த ஐந்நூறைக் கொடுக்க மனசு வராதவருக்குத்தான் எட்டாயிரத்துக்கு பம்ப் விற்கப்படுகிறது.

"இருபது வருஷ அனுபவம், காதால கேட்டே சொல்லுவேன்" என்பவர்களும் உண்டு. காது நல்ல கருவிதான். குளிர்ந்த ஸ்டார்ட்டில் இரண்டு விநாடி கடகடவென்று வந்து அடங்கும் சத்தம் டென்ஷனரைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 2.6 பாருக்கும் 3.0 பாருக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் காதிலும் கேட்காது.

அதைவிட வேடிக்கை மெக்கானிக்கல் படிக்கும் கூட்டம். தெர்மல் லேபில் வெட்டி வைத்த ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் ஃப்ளைவீலைச் சுற்றி, வால்வு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று நூல் பிடித்து அளந்து வால்வு டைமிங் வரைபடம் போடாத மாணவர் இல்லை. (போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து போட்டவர்கள் கணக்கில் இல்லை!) இன்டேக் வால்வு தாமதமாக மூடினால் கம்ப்ரெஷன் ஏன் குறையும் என்று வைவாவில் மூச்சுவிடாமல் சொல்வார்கள். அதே மாணவரின் அப்பாவுடைய கார் ஏற்றத்தில் திணறினால், ஷெட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "மாத்திப் பாத்துடலாம்" என்றதும் தலையாட்டிவிட்டு வருவார்கள். "எத்தனை பார் காட்டுச்சு அண்ணே?" என்று கேட்க ஒரு டிகிரியும் தேவையில்லை, நாலு வருஷமும் தேவையில்லை. பழைய பம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, மாற்றும் முன் எத்தனை, மாற்றிய பின் எத்தனை என்று பில்லிலேயே எழுதித் தரச் சொன்னால் பல பம்புகள் டேங்குக்குள்ளேயே நிம்மதியாக இருக்கும்.