தாலி கட்டியவர் ‘சிங்கிள்’ ஆக முடியாது

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்களே, சொந்தக்காரப் பிள்ளைகளே, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

“மனைவி ஊரில்தானே இருக்கிறாள் சார், சோஷியல் செக்யூரிட்டி நம்பர்கூட இல்லை. அதனால் வரிக்கணக்கில் சிங்கிள் என்றே போட்டேன்.” இது கெட்டிக்காரத்தனம் இல்லை, பொய்க்கணக்கு. டிசம்பர் 31 அன்று திருமணமானவர் என்றால் அந்த ஆண்டு முழுவதற்கும் திருமணமானவர். மனைவி திருநெல்வேலியில் இருந்தாலும் அதேதான்.

வரிச் சட்டப்படி நீங்கள் அங்கே ‘ரெசிடென்ட்’ என்றால் பெரும்பாலோருக்கு வழி இரண்டு. தனியாகத் தாக்கல் செய்தால் 2024க்கு நிலையான கழிவு 14,600 டாலர். மனைவியையும் ரெசிடென்டாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்து, கூட்டாகத் தாக்கல் செய்தால் 29,200. அவருக்கு ஐ.டி.ஐ.என். எண் வாங்க வேண்டும். பிள்ளையை அங்கே உடன் வைத்து வளர்ப்பவருக்கு வேறு வகை கிடைக்கலாம். அதுவும் சிங்கிள் இல்லை.

29,200 என்றதும் துள்ளாதீர்கள். மனைவியின் ஊர் வீட்டு வாடகை, வங்கி வட்டி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். வரி பாக்கி நின்றால் பொதுவாக அவரும் முழுப் பொறுப்பாளி. அப்படியிருக்க, “இங்கே ஒரு கையெழுத்துப் போடு” என்று வாட்ஸ்அப்பில் கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்புவது என்ன நியாயம்? முழுதும் காட்டுங்கள், விளக்குங்கள், சம்மதம் கேளுங்கள். கணவரை ஊரில் விட்டிருக்கும் பெண்களுக்கும் இதே பாடம்தான்.

ஏற்கெனவே சிங்கிள் என்று போட்டவர்கள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்துங்கள். ரூம்மேட்டைக் கேட்காதீர்கள், விவரம் தெரிந்த கணக்காளரைக் கேளுங்கள்.