பத்தாயிரம் வெள்ளி டிக்கெட்

"படத்துல யாரு நடிச்சிருக்கா?" அம்மா கேட்டார்.

"யாரும் நடிக்கலம்மா. எல்லாம் நிஜ ஆளுங்க."

"டிக்கெட் எவ்வளவு?"

"சும்மாதான்."

"அப்ப நல்லா இருக்காது" என்று முடிவு கட்டிவிட்டார். இருந்தாலும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து, கார் நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று சுற்றி நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் 'ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட்'. 2003-ஆம் ஆண்டில் புசாட் கோமாஸ் என்ற அமைப்பு தொடங்கிய ஆவணப்பட விழா இது. மனித உரிமை, போர், நிலம், காடு, ஆறு என்று நம் வானொலி நேயர் விருப்பத்தில் யாரும் கேட்காத விஷயங்களெல்லாம் இங்கே படமாக ஓடும். கோலாலம்பூரில் சுற்றுச்சூழலுக்கென்றே இன்னொரு விழாவும் உண்டு. எக்கோநைட்ஸ் அமைப்பு 2008-இல் தொடங்கிய சுற்றுச்சூழல் திரைப்பட விழா அது. பிள்ளைகளோடு போக ஏற்றது. ஆனால் என் கதைக்கு முதல் விழாதான் வேண்டும். ஏனென்றால் அந்த விழாவோடு எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

கல்லூரியில் ஊடகம் படித்தபோது விரிவுரையாளர் ஒருவர் 'ஆலிஸ் லிவ்ஸ் ஹியர்' என்ற குறும்படத்தைப் போட்டுக் காட்டினார். சிலாங்கூரில் செமினிக்குப் பக்கத்தில் இருக்கும் புரோகா கிராமத்துக் கதை. அந்த ஊருக்கு அரசாங்கம் ஒரு ராட்சதக் குப்பை எரி உலையைக் கொண்டுவரப் பார்த்தது. ஒரு நாளைக்கு 1,500 டன் குப்பை. முதலில் பூச்சோங்கில் கட்டுவதாக இருந்தது. அங்கே எதிர்ப்பு கிளம்பியதும் புரோகாவுக்கு மாறியது. படத்தின் நாயகி ஒரு குடும்பப் பெண். அடுப்படியை விட்டு வந்து அண்டை வீட்டாரோடு சேர்ந்து எதிர்த்து நிற்கிறார். 2007-இல் திட்டம் கைவிடப்பட்டது. படத்தால்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். வழக்கு, செலவு, அரசியல் என்று பல காரணங்கள். ஆனால் அது வரை 'புரோகா' என்றால் எனக்கு மலையேறப் போகிற இடம். படம் பார்த்த பிறகு அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

இனி கடன் கதை. 2013 ஜூலை 3. அப்போதுதான் வானொலியில் சேர்ந்திருந்தேன். தோழி ஒருத்தி அழைத்தாள். கோலாலம்பூர் சிலாங்கூர் சீனர் அசெம்பிளி மண்டபத்தில் 'நோ ஃபயர் சோன்' படம் போடுகிறார்கள், வா என்றாள். கே.எல். சென்ட்ரலில் மோனோரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம்தான். கேலம் மேக்ரே இயக்கிய படம். இலங்கைப் போரின் கடைசி 138 நாட்களை, உள்ளே சிக்கியிருந்த தமிழர்களும் சிப்பாய்களும் கைப்பேசியிலும் சிறு கேமராவிலும் எடுத்த காட்சிகளைக் கொண்டே சொல்லும் படம்.

நான் போகவில்லை. 'இரவுப் பணி இருக்கிறது' என்றேன். பணி பத்து மணிக்குத்தான். உண்மையில் பயம்தான். புது வேலை, எதற்கு வம்பு?

அன்று மண்டபத்துக்குள் உள்துறை அமைச்சின் அதிகாரிகளும் போலீசாரும் வந்தார்கள். படம் முடியும் வரை இருந்து, பார்த்தவர்களின் அடையாள அட்டைகளைச் சோதித்தார்கள். ஏற்பாட்டாளர்கள் மூவர் கைதானார்கள். அவர்களில் லேனா ஹென்ட்ரி என்ற இளம்பெண் மீது மட்டும் அந்தச் செப்டம்பரில் வழக்கு. படத்தில் பொய் இருக்கிறது என்பது குற்றச்சாட்டு அல்ல. தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் திரையிட்டார் என்பதுதான். 2002-ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இதற்குக் குறைந்தது 5,000 வெள்ளி, அதிகபட்சம் 30,000 வெள்ளி அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. அடிக்கடி ஆவணப்படம் திரையிடுகிற அமைப்புகளில் ஒன்றைப் பிடித்து, ஒரே ஒருவரை மட்டும் நிறுத்தியது ஏன் என்று நம்மில் பலர் அன்றே கேட்டோம். காப்பிக் கடையில், மெதுவான குரலில்.

வழக்கு நான்கு வருடம் இழுத்தது. சட்டமே அரசியலமைப்புக்கு முரண் என்ற வாதத்தை 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2017 பிப்ரவரியில் குற்றவாளி எனத் தீர்ப்பு. மார்ச்சில் 10,000 வெள்ளி அபராதம். தமிழர்கள் கொல்லப்பட்ட கதையை, ஒரு சீனர் மண்டபத்தில், ஒரு மலேசிய இளம்பெண் காட்டியதற்கு விழுந்த விலை அது. டிக்கெட் விற்காத படத்துக்கு ஒருவர் தனியாகக் கட்டிய டிக்கெட் பணம் என்றுதான் நான் அதை நினைத்துக்கொள்வேன். இந்தியாவிலும் 2014-இல் தணிக்கை வாரியம் அந்தப் படத்துக்குச் சான்றிதழ் தர மறுத்தது. படக்குழு இணையத்தில் இலவசமாக விட்டது. நான் அதைக் கைத்தொலைபேசியில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தனியாகப் பார்த்தேன். மண்டபத்தில் பத்துப் பேரோடு உட்கார்ந்து பார்ப்பதும் படுக்கையில் கிடந்து பார்ப்பதும் ஒன்றல்ல. படுக்கையில் பார்க்கும்போது பாதியில் நிறுத்த முடிகிறது. நான் நிறுத்தினேன், இரண்டு தடவை.

அந்தக் கடனை அடைக்கத்தான் பல வருடம் கழித்து அம்மாவை அழைத்துக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனேன். போரும் குப்பையும் ஒரே விழாவில் எதற்கு என்று அம்மாவுக்குக் குழப்பம். எனக்கும் முன்பு இருந்தது. 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு வாங்குவதை நிறுத்தியதும், வெளிநாட்டுக் குப்பை போர்ட் கிள்ளான் வழியாக நம் பக்கம் திரும்பியது நினைவிருக்கும். ஜென்ஜாரோமில் உரிமம் இல்லாத ஆலைகள் இரவில் எரித்த புகையை அங்குள்ளவர்கள்தான் சுவாசித்தார்கள். 2019 மே மாதத்தில் அமைச்சர் இயோ பீ இன் 60 கொள்கலன்களில் இருந்த 3,000 டன் கழிவைத் திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். எங்கோ ஒருவர் முடிவெடுக்கிறார், வேறொருவர் மூச்சை அடக்கிக்கொள்கிறார். குண்டுக்கும் இதே கணக்குதான்.

அன்று ஓடிய படங்களில் ஒன்று, காட்டை இழந்து நிற்கும் பூர்வகுடி மக்களைப் பற்றியது. மலாய் பேச்சு, அதனால் அம்மாவுக்குச் சிரமமில்லை. ஆற்றுத் தண்ணீர் தே தாரிக் நிறத்தில் ஓடுவதைக் காட்டியபோது அம்மா என் கையைத் தட்டினார். "நம்ம தோட்டத்து ஆறு மாதிரியே இருக்கு." அதற்குப் பிறகு வெகு நேரம் பேசவில்லை. ஷா ஆலாம் தாண்டியபோதுதான் ஆரம்பித்தார்.

காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா பல வருடம் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். முதுகில் தகர டின், வாயில் ஒரு துண்டுத் துணி. அதுதான் பாதுகாப்பு. "நகம் கறுத்துப் போகும். மூக்குல ரத்தம் வரும். கிராணி கிட்ட சொன்னா, வெயிலு சூடு, போய்ப் பால் குடின்னுவாரு." அது என்ன மருந்து என்று கேட்டேன். பேர் தெரியாதாம். நீலப் பச்சையாக இருக்குமாம். களைக்கொல்லி பாராகுவாட்டாக இருக்கலாம் என்று என் ஊகம். தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அவர்கள் பட்ட பாட்டைத் தெனாகனித்தாவும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து 2002-இல் ஆய்வாக வெளியிட்டன. அதே ஆண்டு பாராகுவாட்டுக்குத் தடை வந்தது, 2006-இல் தளர்ந்தது, 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. அம்மா அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு.

ஊடகப் பட்டம் வாங்கிய நான், தினமும் ஒலிவாங்கி முன் யார் யாரிடமோ நேர்காணல் எடுக்கிற நான், வீட்டிலேயே இருந்த இந்தக் கதையை முப்பது வருடமாகக் கேட்கவில்லை. காரில், ஒரு மணி நேர நெரிசலில், பூர்வகுடி மக்களின் படம்தான் அதைக் கிளறியது.

இந்த விழா படம் காட்டுவதோடு நிற்பதில்லை. கதை யோசனைகளை வரவழைத்து, தேர்வானவற்றுக்கு நிதியும் பயிற்சியும் தருகிறது. படமெடுத்த அனுபவம் இல்லாதவர்களும் எழுதிப் போடலாம். அம்மாவின் தலைமுறையில் மருந்தடித்த பெண்கள் நம் தாமான்களில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், தீபாவளிப் பலகாரம் சுடும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நான் தொடங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், கைத்தொலைபேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு.

மூன்றாம் வாரம், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, முந்தானையைச் சரிசெய்துகொண்டு அம்மா கேட்டார்:

"இத நாலு பேருக்குப் போட்டுக் காட்டணும்னா, நானும் அந்தத் தணிக்கைக்காரங்க கிட்ட கேக்கணுமா?"