இருமலே இல்லாத நெஞ்சுக்கு எதற்கு எக்ஸ்ரே?

ஆண்டுக்கொரு தடவை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டால் டிபியும் புற்றுநோயும் முளையிலேயே பிடிபட்டுவிடும் என்ற நம்பிக்கை பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற கேரள எல்லை ஊர்களிலும் வேரூன்றியிருக்கிறது. இருமலோ காய்ச்சலோ இல்லாத இருபத்தைந்து வயதுக்காரரும் முழுவுடல் பரிசோதனைக்குப் பணம் கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார். அந்தப் பணம் வீண்.

அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையிலான ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பிஎல்சிஓ ஆய்வு 2011இல் வெளியானது. ஆண்டுதோறும் படம் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. புற்றுநோய் அதிகம் தாக்கும் வயதிலேயே உதவாத படம் இளைஞருக்கு என்ன செய்துவிடும்?

டிபி விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. 2019-21 தேசிய டிபி கணக்கெடுப்பில், எக்ஸ்ரே இல்லாதிருந்தால் 42.6 விழுக்காட்டு நோயாளிகள் தவறிப்போயிருப்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே படம் வெறும் சல்லடை. நோயை உறுதிசெய்தது சளிப் பரிசோதனை. அதே கணக்கெடுப்பில், பதினைந்து வயதைக் கடந்தவர்களில் நுரையீரல் டிபி மிகக் குறைவாக இருந்த மாநிலம் கேரளம்: லட்சத்துக்கு 115 பேர். முதியோரும் சர்க்கரை நோயாளிகளும் சேர்ந்த கணக்கு இது; நலமாக உள்ள இளைஞர்களை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும். 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் டிபி ஒழிப்பு இயக்கமும் அறுபது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், எடை குறைந்தவர்கள், நோயாளியோடு வசிப்பவர்கள் போன்றோரைத்தான் முதலில் தேடியது. கண்மூடித்தனமாக ஊரையே படமெடுப்பதைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1974லேயே சொல்லிவிட்டது.

கதிர்வீச்சு இங்கே பெரிய பிரச்சினை இல்லை. ஒரு படத்தில் சேர்வது மிகச் சொற்பம். சுத்தமான படம் தரும் பொய்த் தைரியமே ஆபத்து. ஜனவரியில் படம் நன்றாக இருந்தவர் மே மாதத்தில் விடாமல் இருமினாலும் மருந்துக்கடை டானிக்கோடு நாளைக் கடத்துவார்; அதற்குள் வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றிவிடலாம். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். அந்த நேரத்தில் எடுக்கும் எக்ஸ்ரேக்குத்தான் அர்த்தம் உண்டு.

வளைகுடா விசாவுக்கான ‘மெடிக்கல்’ இன்னும் கொடுமை. எப்போதோ வந்து ஆறிப்போன டிபியின் தழும்பு படத்தில் தெரிந்தாலே ‘அன்ஃபிட்’. கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிய இளைஞர், யாருக்கும் தொற்றாத ஒரு தழும்புக்காக வேலையை இழக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்குச் சளிப் பரிசோதனை முடிவையே ஏற்கும்படி வளைகுடா நாடுகளிடம் இந்திய அரசு வலியுறுத்த வேண்டும்.