தோற்காதவரிடமிருந்து போன பட்டங்கள்

உக்ரேன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக் 2024 மே 18 அன்று ரியாத்தில் டைசன் பியூரியை வென்றபோது, ஹெவிவெயிட் பிரிவின் நான்கு உலகப் பட்டங்களும் அவர் வசமாகின. 1999இல் லெனொக்ஸ் லூயிஸுக்குப் பின்னர் இப்பிரிவில் போட்டியற்ற ஒரே சம்பியனாக எவரும் இருக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே ஒரு பட்டம் கைமாறியது.

காரணம், குத்துச்சண்டையை ஆள்வது ஓர் அமைப்பு அல்ல, நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தரவரிசை; அதில் முன்னிற்பவருடன் சம்பியன் குறித்த காலத்துக்குள் மோதியாக வேண்டும். பியூரியுடனான மறுபோட்டிக்கு உசிக் ஏற்கனவே உடன்பட்டிருந்ததால் சர்வதேச குத்துச்சண்டைச் சம்மேளனத்தின் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். அது சென்றது டேனியல் டுபுவாவுக்கு. பத்து மாதங்களுக்கு முன்னர் போலந்தில் இதே உசிக்கிடம் நொக் அவுட் முறையில் தோற்றவர் அவர்!

விதி என்று சொல்லப்பட்டாலும் இதில் பணமும் உண்டு. பட்டப் போட்டிகளில் வீரர் பெறும் தொகையிலிருந்து இந்த அமைப்புகள் கட்டணம் அறவிடுகின்றன. பட்டங்கள் பெருகினால் வருமானமும் பெருகும்.

உசிக் பிறந்த சிம்பெரோபோல், 2014 முதல் ரஷ்யாவின் பிடியிலுள்ள கிரிமியாவில் இருக்கிறது. 2022இல் போர் மூண்டபோது கீவ் நகரின் பிராந்தியப் பாதுகாப்புப் படையில் அவர் இணைந்தார். அவரது வெற்றிகளை உக்ரேனியர்கள் வெறும் விளையாட்டுச் செய்தியாகப் பார்ப்பதில்லை.

2025 ஜூலை 19 அன்று வெம்ப்ளியில் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தி, போன பட்டத்தை மீட்டார். நவம்பரில் இன்னொன்றைத் துறந்தார். உலக குத்துச்சண்டை அமைப்பின் அந்தப் பட்டம், உசிக்குடன் ஒரு சுற்றுக்கூட மோதாத பாபியோ வார்ட்லிக்கு வழங்கப்பட்டது.