ப்ராம்ப்ட்டுக்கு சிவப்பு பெயின்ட் அடிங்க பாஸ்!

போன வாரம் லினக்ஸ் டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்', ‘சிடி' என்று தத்தித் தத்தி நடை பழகினோம். பழகியாச்சுல்ல? இனிமே அந்தக் கறுப்புத் திரை வாடகை வீடு இல்லை, சொந்த வீடு. சுவத்துல ஆணி அடிக்கலாம், பெயின்ட் மாத்தலாம். ஹவுஸ் ஓனர் சண்டைக்கு வரமாட்டார்.

ஆனா ஒரு விஷயம். நெட்டில் யாரோ போட்டு வெச்சிருக்கிற ஐந்நூறு வரி செட்டிங்ஸை அப்படியே வாரிக்கிட்டு வந்து ஒட்டுகிற ஆசாமிகள் எல்லா ஹாஸ்டல்லேயும் இருப்பாங்க. திரை என்னவோ தீபாவளி மாதிரி மின்னும். ‘இந்த வரி என்னப்பா செய்யுது?'ன்னு கேட்டா, திருதிருன்னு முழிப்பாங்க. அந்த ஃபைலில் இருக்கிற ஒவ்வொரு வரியும் நீங்க டெர்மினலைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் உங்க பேரில், உங்க அதிகாரத்தோட ஓடும். படிச்சுப் புரியாத வரியை வீட்டுக்குள்ளே விடாதீங்க. நாம அஞ்சாறு வரியோட ஆரம்பிப்போம்.

நீங்க டைப் பண்றதை வாங்கி, கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எடுத்துட்டுப் போய்ச் சேர்க்கிற ஆள்தான் ஷெல். உபுன்டுவில் அவர் பேரு ‘பாஷ்'. 1979-ல் யூனிக்ஸோடு வந்த ஸ்டீஃபன் போர்னின் ஷெல்லுக்கு ‘மறுபிறவி' என்கிற சிலேடைதான் அந்தப் பேரு. எழுதினவர் பிரையன் ஃபாக்ஸ், வெளிவந்தது 1989-ல். மேக் வெச்சிருக்கிற கொடுத்து வெச்சவங்களுக்கு 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து ‘இசட்ஷெல்'. ஃபைல் பேரும் சில குறிகளும் மாறும், விஷயம் ஒண்ணுதான்.

பாஷ் எழுந்ததும் படிக்கிறது உங்க ஹோம் ஃபோல்டரில் இருக்கிற ‘டாட் பாஷ்ஆர்சி' என்கிற ஃபைலை. சும்மா ‘எல்எஸ்' அடிச்சா கண்ணுக்குத் தெரியாது, ‘மைனஸ் ஏ' சேர்த்து அடிக்கணும். புள்ளியில் ஆரம்பிக்கிற பேரெல்லாம் ஒளிஞ்சுக்கிறதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. ஆரம்ப யூனிக்ஸில் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் பட்டியலில் வர வேண்டாம்னு நினைச்சவங்க, ‘முதல் எழுத்து புள்ளியா? விட்டுடு' என்று குறுக்கு வழியில் எழுதிட்டாங்களாம். புள்ளி வெச்ச மத்த ஃபைல்களும் சேர்ந்தே மறைஞ்சு போச்சு. பெல் லேப்ஸில் இருந்த ராப் பைக் 2012-ல் இதைச் சொன்னார். ஒருத்தரோட அவசரம், நமக்கு வசதி!

கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஃபைலை வேற பேரில் ஒரு காப்பி எடுத்துக்குங்க. ப்ளீஸ்.

இப்போ ‘ஹிஸ்டரி' என்று அடிங்க. இத்தனை நாளா நீங்க அடிச்ச கட்டளைகள் வரிசையா வந்து நிற்கும். எது திரும்பத் திரும்ப வருதோ, நீளமா இருக்கோ, அதுக்குத்தான் செல்லப்பேர் தேவை. அந்தச் செல்லப்பேர்தான் ‘அலையாஸ்'. ப்ராஜெக்ட் ஃபோல்டர் நாலு அடுக்கு உள்ளே இருக்கா? அங்கே போற ‘சிடி' வரி முழுசையும் ஒற்றை மேற்கோளுக்குள் போட்டு, ‘பிஜே'ன்னு பேர் வையுங்க. அலையாஸ், ஒரு இடைவெளி, பிஜே, சமக்குறி, மேற்கோளுக்குள் கட்டளை. அவ்வளவுதான். சமக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டா பாஷ் கோவிச்சுக்கும்.

அழிக்கிற கட்டளையான ‘ஆர்எம்'முக்கு ‘கேட்டுட்டு அழி' என்கிற அர்த்தத்தில் அதே பேரில் அலையாஸ் போடச் சொல்லிப் பலர் அட்வைஸ் பண்ணுவாங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆறு மாசத்தில் கை பழகிடும்: ‘எப்படியும் கேட்கும், அடிச்சுடலாம்'. அதே கை லேப் மெஷினுக்குப் போகும். அங்கே கேட்காது, நேரா அழிச்சுடும். அதுக்குப் பதிலா ‘டெல்' மாதிரி புதுப் பேர் வையுங்க. அந்த அலையாஸ் இல்லாத மெஷினில் ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை'ன்னு திட்டு வாங்குவீங்க. ஃபைல் பத்திரமா இருக்கும்.

இப்போ தலைப்புக்கு வருவோம். நீங்க டைப் பண்றதுக்கு முன்னாடி வரியின் தொடக்கத்தில் பேர், மெஷின், ஃபோல்டர் எல்லாம் நிற்குதே, அதுதான் ப்ராம்ப்ட். அலங்காரம்னு நினைச்சு யாரும் அதைக் கண்டுக்கிறதில்லை. 2017 ஜனவரி 31 ராத்திரி ‘கிட்லேப்' கம்பெனியில் நடந்ததைக் கேளுங்க. ஊர் உலகத்து புரோகிராமர்கள் கோடு போட்டு வைக்கிற இடம் அது. டேட்டாபேஸுக்கு ரெண்டு மெஷின். ஒண்ணு நிஜம், இன்னொண்ணு நகல். நகல் தகராறு பண்ணவே, அதிலிருக்கிற ஃபோல்டரைக் காலி பண்ணிட்டு முதல்ல இருந்து காப்பி எடுக்க நினைச்சார் ஒரு இன்ஜினீயர். கட்டளையைத் தட்டினார். ஓரிரு விநாடியில் பொறி தட்டியது. அவர் நின்னுக்கிட்டிருந்தது நிஜ மெஷினில்! நிறுத்துறதுக்குள்ளே சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். வழக்கமான பேக்கப்புகளும் கைகொடுக்கலை. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாத்துச்சு. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான்.

கம்பெனி இதை மூடி மறைக்காம அப்படியே எழுதி வெளியிட்டது. இனி என்ன செய்யப் போறோம்னு போட்ட பட்டியலில் பேக்கப் சமாசாரங்களோட கூடவே இதுவும் இருந்தது: எந்த மெஷினில் நிற்கிறோம்னு பார்த்ததும் தெரிகிற மாதிரி எல்லா மெஷின்லேயும் ப்ராம்ப்ட்டை மாத்தணும். அத்தனை பெரிய கம்பெனிக்கு அது வேணும்னா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை காலேஜ் சர்வரில் வெச்சிருக்கிற உங்களுக்கு வேணாமா?

வேலை ரொம்ப சின்னது. சர்வரில் இருக்கிற உங்க பாஷ்ஆர்சியைத் திறங்க (உங்க லேப்டாப்பில் உள்ளதை இல்லை!). ‘பிஎஸ்1' என்று ஆரம்பிக்கிற நீள வரியைத் தேடுங்க. உபுன்டுவா இருந்தா, அதுக்குள்ளே 32 என்று ஒரு எண் இருக்கும். அதுதான் பச்சை. அதை 31 ஆக்குங்க. சிவப்பு! மஞ்சள் வேணும்னா 33. லேப்டாப் பச்சையாவே இருக்கட்டும். கலர் எண்ணைச் சுத்தி இருக்கிற பின்சாய்வும் சதுர அடைப்புகளும் அழகுக்கு இல்லை, அதைத் தொடாதீங்க. அது போச்சுன்னா நீளமான கட்டளை அடிக்கும்போது எழுத்துகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்.

அப்புறம் ஹிஸ்டரி. உபுன்டு 1,000 கட்டளைகளை மனசில் வெச்சுக்கும், ஃபைலில் 2,000 வரிகள். தாராளமா பத்து மடங்கு ஏத்துங்க, இடமொண்ணும் அடைக்காது. கன்ட்ரோலோடு ஆர் அழுத்தி ரெண்டு எழுத்து அடிச்சா, போன செமஸ்டரில் அடிச்ச கட்டளை கூட எழுந்து வரும். ஆனா இந்த டைரி எல்லாத்தையும் எழுதும், கட்டளையோடு சேர்த்து அடிச்ச பாஸ்வேர்டையும்! அப்படி அடிக்கவே கூடாது. தப்பிக்க முடியாத நேரத்தில் வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு அடிங்க, உபுன்டு அதை டைரியில் சேர்க்காது.

லேப் எக்ஸாமில் உங்க அலையாஸ் எதுவும் கூட வராது. ஆனா கன்ட்ரோல்-ஆர், டேப், வரித் தொடக்கத்துக்குத் தாவுற கன்ட்ரோல்-ஏ இதெல்லாம் பாஷ் இருக்கிற எல்லா இடத்துலேயும் இருக்கும். கையை அதில் பழக்குங்க, செல்லப்பேர் குறைவாவே இருக்கட்டும்.

லேப்டாப்பே இல்லைங்கிறவங்க ஆண்ட்ராய்டு போனில் ‘டெர்மக்ஸ்' போட்டும் இதையெல்லாம் செஞ்சு பார்க்கலாம். அங்கேயும் பாஷ்தான். கலர் வரியை மட்டும் நீங்களே எழுதணும்.

மாத்தினதும் பழைய விண்டோவை மூடிடாதீங்க. புதுசா ஒண்ணு திறந்து பாருங்க. ஏடாகூடமா ஏதாவது வந்தா, பழைய விண்டோ வழியா அந்தக் காப்பியை எடுத்துத் திரும்ப வெச்சுடலாம். அதையும் மூடித் தொலைச்சவங்க, ‘பாஷ்' என்று அடிச்சு ஒரு இடைவெளி விட்டு, ரெண்டு மைனஸ் போட்டு ‘நோஆர்சி'ன்னு சேர்த்து அடிங்க. உங்க ஃபைலைச் சீண்டாமலே ஷெல் எழுந்து வரும்.