வராதா, வரலையா?

நம்ம ஆட்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது: 'வராது'. எனக்குக் கணக்கு வராது ஸார். இங்கிலீஷ் வராது. நாலு பேர் முன்னால் பேச வராது. ஏதோ ரத்த குரூப்பைச் சொல்வது மாதிரி சொல்வார்கள். நாமும் 'அடப்பாவமே' என்று ஒப்புக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

இதே ஆசாமி 'வரலை' என்று சொன்னால் கதை வேறு. பஸ் வரலை என்றால் ஸ்டாப்பில் நிற்கலாம். பஸ் வராது என்றால் நடையைக் கட்டவேண்டியதுதான்.

கரோல் ட்வெக் என்று ஒரு அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியை. 2006-இல் 'மைண்ட்செட்' என்ற புத்தகம் எழுதியவர். திறமை என்பது பிறக்கும்போதே அளந்து ஊற்றியது என்று நம்புகிறவர்கள் ஒரு கட்சி, பழக்கினால் வளரும் என்று நம்புகிறவர்கள் இன்னொரு கட்சி என்கிறார். அதாவது, வராது கட்சி, வரலை கட்சி.

அவரும் கிளாடியா முல்லரும் 1998-இல் வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அஞ்சாம் கிளாஸ் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். போட்டு முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள். சிலரிடம் 'நல்லா உழைச்சிருக்கே' என்றார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அடுத்து, வேண்டுமென்றே கஷ்டமான புதிர்கள். எல்லோரும் திணறினார்கள். பிறகு மறுபடியும் பழைய மாதிரி சுலபமானவை. உழைப்பு கோஷ்டி முதலில் போட்டதைவிட நன்றாகப் போட்டது. புத்திசாலி கோஷ்டி முதலில் போட்டதைவிடச் சொதப்பியது. கூத்து இனிமேல்தான். வாங்கின மார்க்கை வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, புத்திசாலிகளில் கிட்டத்தட்ட பத்துக்கு நாலு பேர் கூட்டிப் போட்டார்கள். முகம் தெரியாத பிள்ளையிடம்!

எங்கள் ஆபீஸிலும் ஒரு புத்திசாலி உண்டு. யூனிவர்சிட்டி ரேங்க். பன்னிரண்டு வருஷமாக அதே ஸெக்ஷன். புது வேலை எதைக் கொடுத்தாலும் 'அது என் லைன் இல்லை' என்பார். தெரியாமல் முழிப்பதை யாராவது பார்த்துவிட்டால்? அவரை நான் குறை சொல்லமாட்டேன். சின்ன வயசில் முதுகில் தட்டிக்கொடுத்தார்களே, அவர்களைத்தான் சொல்வேன்.

இதற்காக ஷேவிங் கண்ணாடியில் 'என்னால் முடியும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2019-இல் வந்தது. மூளையைப் பழக்கினால் வளரும் என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம். மார்க் குறைந்த பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏறியது, நாலு பாயிண்ட்டுக்கு 0.1. செலவழித்த நேரத்துக்கு மோசமான வட்டி இல்லை. தலையெழுத்தை மாற்றுகிற சமாசாரமும் இல்லை. ட்வெக்கே 2015-இல், 'முயற்சி, முயற்சி' என்றால் மட்டும் போதாது, செய்கிற முறையையும் மாற்றிப் பார்க்கணும், தெரிந்தவரிடம் கேட்கணும் என்று எழுதினார்.

முறையை மாற்றுவது என்றால் என்ன என்பதை எங்கள் அக்கவுண்டன்ட் ஸாரிடம் பார்த்தேன். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது அவருக்கு வயசு 53. அதுவரை பேரேடு, நீல மை, கால்குலேட்டர். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற மனுஷர். இனி மாசாமாசம் ஆன்லைனில் ரிட்டர்ன் போடணும். முதலாளி 'சின்னப் பையன் யாரையாவது போட்டுக்கலாமா?' என்று ஜாடையாகக் கேட்டார். ஸாருக்குப் பெண் இன்ஜினீயரிங் செகண்ட் இயர். ஜாடை நன்றாகவே புரிந்தது.

முதல் ரெண்டு மாசம் பக்கத்து ஸீட் பையன் செய்து கொடுத்தான். ஸார் பின்னால் நின்று தலையாட்டினார். ஒன்றும் ஏறவில்லை. மூணாவது மாசம் நாற்காலியை மாற்றிப் போட்டார்.

"தம்பி, மௌஸ் என் கையில இருக்கட்டும். நீ வாயால சொல்லு. கையை மட்டும் கொண்டு வராதே."

பத்து நிமிஷ வேலைக்கு ஒன்றரை மணி நேரம். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்த ஒவ்வொரு தப்பையும், அதற்கு எதை அமுக்கணும் என்பதையும் ஸார் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார். மறுபடி அதே தப்பு வந்தால் பையனைக் கூப்பிடமாட்டார், நோட்டைப் புரட்டுவார். பொங்கலுக்குப் பிறகு ஒருநாள், இருபதாம் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாலேயே, 3பி ரிட்டர்னைத் தனியாளாகப் போட்டு முடித்தார். முதலாளி அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெண் படித்து முடித்தாள்.

போன மாசம் புதுசாகச் சேர்ந்த ஒரு பி.காம். பையன் ஸ்கிரீனைப் பார்த்து "எனக்கு இதெல்லாம் வராது ஸார்" என்றான். ஸார் டிராயரைத் திறந்து நோட்டை நீட்டினார்.

"ஜெராக்ஸ் எடுத்துக்கோ. முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது."

எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது: 'மௌஸின் வால் நம்மைப் பார்த்து இருக்கக் கூடாது.'