எலிக்குக் கிடைக்கிற இருட்டு

ஹெல்த் பக்கங்களில் அடிக்கடி ஒரு சமாச்சாரம் வருகிறது. கவனித்திருப்பீர்கள். ‘குண்டானவர்களின் ரத்தக் குழாயைக் காப்பாற்றும் மெலடோனின்!’ பக்கத்திலேயே தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி தூங்கும் ஒரு பெண் படம். படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனால் 3 மில்லிகிராம் மாத்திரை கிடைக்கிறது. ஜெல்லி மிட்டாய் மாதிரிகூட வந்தாச்சு.

செய்தி பொய் என்று சொல்ல மாட்டேன். முழுப் பொய்யாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். இது பாதி நிஜம். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதில்தான் எனக்குக் கோபம்.

மெலடோனினை 1958-ல் பிரித்தெடுத்தவர் ஆரன் லெர்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் டாக்டர். ஆயிரக்கணக்கான மாடுகளின் மூளையிலிருந்து பீனியல் சுரப்பியை எடுத்து அரைத்துப் பார்த்தார். தோலின் நிறம் சம்பந்தமாக மருந்து தேடப்போனவருக்கு இது கிடைத்தது. ‘தூக்க ஹார்மோன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் எலியைப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஓடியாடும் ஜீவன். அதற்கும் ராத்திரியில்தான் மெலடோனின் சுரக்கிறது. ஆக, இது இருட்டின் ஹார்மோன். நமக்கு ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஏற ஆரம்பித்து, இரண்டு மூன்று மணிக்கு உச்சத்துக்குப் போய், விடியும்போது இறங்கும். நடுவில் கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் பட்டால் உற்பத்தி படுத்துவிடும். 1980-லேயே மனிதர்களிடம் சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

இதற்கும் ரத்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்கள் பூசினாற்போல் இருக்கும். அவை நைட்ரிக் ஆக்ஸைடு என்கிற வாயுவைத் தயாரித்துக் குழாயைத் தளர்த்துகின்றன. (இதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-ல் நோபல் பரிசு.) உடம்பு பெருக்கும்போது குழாயைச் சுற்றியிருக்கும் கொழுப்பு கெட்டுப்போய், தீய ஆக்ஸிஜன் பொருட்களை உமிழ ஆரம்பிக்கிறது. அவை நைட்ரிக் ஆக்ஸைடைத் தின்றுவிடும். குழாய் விறைக்கும், பிரஷர் ஏறும். மெலடோனின் அந்தத் தீய பொருட்களைத் துடைத்தெடுக்கிறது. குண்டு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் குழாய் மறுபடி இளகியது. ஸ்பெயின் நாட்டு கிரனாடா பல்கலைக்கழகத்தில் எலிகளின் எடை, கொழுப்பு எல்லாமே குறைந்தன.

நல்ல விஷயம்தான். ஆனால் எவ்வளவு கொடுத்தார்கள்? வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். முன்னூறு கிராம் எலிக்கு 3 மில்லிகிராம். அதாவது எண்பது கிலோ மனுஷனுக்குக் கடையில் விற்கிற அதே ஒரு மாத்திரை! எலிக்கணக்கை அப்படியே மனிதனுக்குப் போட முடியாது, விஞ்ஞானிகள் சுமாராக ஆறால் வகுப்பார்கள். வகுத்தாலும் நூறு மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. இதை எந்த ஹெல்த் பக்கத்திலாவது படித்தீர்களா?

மனிதர்களிடம் எதுவுமே நடக்கவில்லை என்றும் இல்லை. 2004-ல் நெதர்லாந்து ஆய்வில் பிரஷர் உள்ள 16 ஆண்கள் மூன்று வாரம் தினம் 2.5 மில்லிகிராம் சாப்பிட்டார்கள். தூக்கத்தில் பிரஷரின் மேல் அளவு 6 புள்ளி குறைந்தது. வெறும் 16 பேர். அப்புறம் 2014-ல் ஸ்பெயினில் ஆரோக்கியமான பெண்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு குளுக்கோஸ் குடிக்கச் சொன்னபோது, சர்க்கரை வழக்கத்தைவிட அதிகமாக ஏறியது. ராத்திரி ஷிஃப்ட்காரர் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டால் என்ன ஆகும்? யோசித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது.

இன்னொரு விஷயம். அந்த ஆய்வுக்கூட எலிகளுக்கு வழக்கமாக தினமும் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. டயம் வைத்து லைட்டை அணைப்பார்கள். அதில் குளறுபடி நடந்தால் ஆராய்ச்சியே கெட்டுவிடும்.

இப்போது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள். ஹார்பருக்குள் பகல் மாதிரி விளக்கு. காசிமேட்டில் விடியறதுக்கு முன்னாடியே மீன் ஏலம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்குள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்த டிரைவர்கள். வண்டி நாலடி நகர்ந்தால் எழுந்து நாலடி ஓட்டணும். திருவொற்றியூர் பக்கம் சி ஷிஃப்ட் சைரன். மணலியில் ரிஃபைனரிச் சுடர். இங்கே எலிக்குக் கிடைக்கிற இருட்டு மனுஷனுக்குக் கிடையாது. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பத்து மணிக்கே அனல், தண்ணி லாரி ஹாரன், குழந்தைகள். எங்கேருந்து தூக்கம்?

2009-ல் அமெரிக்காவில் பத்துப் பேரைத் தூக்கமும் சாப்பாடும் தலைகீழாகும்படி சில நாள் வைத்துப் பார்த்தார்கள். பிரஷர் ஏறியது, சர்க்கரை ஏறியது, பசி அடக்கும் ஹார்மோன் இறங்கியது. சில நாளைக்கே இந்தக் கதை. இருபது வருஷம் சி ஷிஃப்ட் பார்த்தவரிடம் டாக்டர் சொல்வது என்ன? ‘வெயிட்டைக் குறைங்க, வாக்கிங் போங்க.’ தொப்பை அவர் செய்த குற்றம் மாதிரி!

‘அப்ப ராத்திரி ஹார்பரை மூடிடணுமா?’ என்று கேட்பீர்கள். இல்லைங்க. கப்பல் காத்திருக்காது, ஆஸ்பத்திரியும் மூட முடியாது. ஆனால் ஷிஃப்ட் எப்படிச் சுழல்கிறது என்பது கடவுள் எழுதியதில்லை. காலை, மதியம், ராத்திரி என்று முன்னோக்கிச் சுழன்றால் உடம்பு ஓரளவு தாங்கும். ராத்திரி முடிந்து மதியம், பிறகு காலை என்று பின்னோக்கி இழுத்தால் தாங்காது. ஐரோப்பிய யூனியனின் 2003 உத்தரவில் தினமும் 11 மணி நேரத் தொடர் ஓய்வும், ராத்திரித் தொழிலாளிக்கு இலவச மருத்துவப் பரிசோதனையும் உரிமை. ராத்திரி ஷிஃப்ட் பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சிலருக்கு டென்மார்க் நஷ்டஈடே கொடுத்தது.

நம்ம ஊரில்? 1923 மே 1-ம் தேதி சிங்காரவேலர் இதே சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை நமது சட்டசபை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ். சந்தோஷம். ஆனால் சண்டை முழுக்க எத்தனை மணி நேரம் என்பதைப் பற்றியே நடந்தது. எந்த மணி நேரம் என்று எந்தக் கொடியும் கேட்கவில்லை. இதயத்துக்குப் பகல் எட்டும் ராத்திரி எட்டும் ஒன்றல்ல.

திருவொற்றியூரிலோ மணலியிலோ அடுத்த சம்பள ஒப்பந்தம் பேசப்போகும் யூனியன்காரர்கள் இதைப் படித்தால், நைட் அலவன்ஸில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்பதோடு எழுந்துவிடாதீர்கள். முன்னோக்கிய சுழற்சி, தொடர்ந்து மூன்று ராத்திரிக்கு மேல் கூடாது, வருஷா வருஷம் பிரஷர்-சர்க்கரைப் பரிசோதனை, ராத்திரி கேன்டீனில் பரோட்டாவைத் தவிர ஏதாவது. இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். கன்டெய்னர் டிரைவருக்காகத் துறைமுக நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது: சாலைக்கு வெளியே வண்டி நிறுத்த இடம், டோக்கன் போட்டு அழைக்கும் ஏற்பாடு, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட ஒரு ஹால், நிறையக் கட்டில்கள்.